வழங்கி மேலாண்மைச் செயலியின் இயல்பிருப்புத் துறை எண்ணை மாற்றுதல்: காக்பிட் செயலியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் வழங்கிகளை உலாவி வழியாக மேலாண்மை செய்ய உதவும் காக்பிட் செயலி, இயல்பிருப்பாக 9090 என்னும் துறை எண்ணில் இயங்குகிறது. அதனை மாற்றுவது ஒரு வரியைத் திருத்தும் எளிய செயலாகத் தோன்றும். ஆனால் அவ்வெண் இயங்குதளத்தில் மூன்று வெவ்வேறு இடங்களில் பதிவாகியுள்ளது. ஓரிடத்தில் மட்டும் மாற்றினால் நிருவாகியே தம் வழங்கிக்குள் நுழைய இயலாமற்போகும். மாற்றத்தை எவ்வரிசையில் செய்ய வேண்டும் என்பதையும், அதனால் விளையும் பயன் எவ்வளவு என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: துறை எண், இயல்பிருப்பு, காக்பிட், சிஸ்டம்டி, தீயரண், வழங்கிப் பாதுகாப்பு.

முன்னுரை

வலையமைப்பில் ஐ.பி. முகவரி ஒரு கணினியைச் சுட்டுகிறது. அக்கணினியில் இயங்கும் பல சேவைகளுள் ஒன்றைச் சுட்டுவது துறை எண். பேச்சு வழக்கில் இது போர்ட் எனப்படுகிறது. இவ்வெண் 16 பிட் அளவினது; ஆகவே 0 முதல் 65535 வரை அமையும். இணைய எண்களைப் பதிவுசெய்யும் ஐ.ஏ.என்.ஏ. அமைப்பு இவற்றை மூன்றாகப் பகுத்துள்ளது. 0 முதல் 1023 வரையிலானவை அமைப்புத் துறைகள். 1024 முதல் 49151 வரையிலானவை பதிவுத் துறைகள். எஞ்சியவை தற்காலிகத் துறைகள்.

எஸ்எஸ்ஹெச் சேவைக்கு 22, வெப்மின் செயலிக்கு 10000, காக்பிட்டுக்கு 9090 என்பன இயல்பிருப்பு எண்கள். யாரும் சொல்லாமலே எங்கே சென்று தட்ட வேண்டும் என்பதைப் பயனர் அறிவதற்கே இவை உள்ளன. எனவே துறை எண் என்பது ஓர் உடன்பாடு. அதனை மாற்றுவோர் அவ்வுடன்பாட்டில் பங்குபெறும் எல்லா இடங்களிலும் மாற்ற வேண்டும்.

மாற்றம் தேவைப்படும் சூழல்கள்

முதற்காரணம் மோதல். கண்காணிப்புக் கருவியான புரொமீதியசும் இயல்பிருப்பாக 9090ஐயே பயன்படுத்துகிறது. ஒரே முகவரியின் ஒரே துறையில் இரு செயலிகள் செவிமடுக்க இயலாது. பிந்தித் தொடங்குவது பிழையுடன் நின்றுவிடும். இரண்டாவது, நிறுவன வலையமைப்பு 443 போன்ற சில துறைகளை மட்டும் அனுமதித்தல். மூன்றாவது, அறியப்பட்ட துறைகளை ஓயாது தட்டிப்பார்க்கும் தானியங்கி நிரல்களால் பதிவேடுகள் நிரம்புதல்.

புதிய எண்ணைத் தேர்தல்

தேர்ந்தெடுக்கும் எண் வேறெதற்கும் பயன்படாததாக இருக்க வேண்டும். 1024க்குக் கீழுள்ள துறைகளைத் திறக்க லினக்சில் சிறப்புரிமை தேவை. காக்பிட்டுக்காகத் துறையைத் திறப்பது சிஸ்டம்டி ஆதலால் இது தடையன்று. எனினும் 443இல் பெரும்பாலும் வலை வழங்கி இருக்கும். லினக்ஸ் தன் வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு இயல்பாக 32768 முதல் 60999 வரையிலான எண்களை எடுத்துக்கொள்கிறது. அவ்வெல்லைக்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தால், மறுதொடக்கத்தின்போது அது வேறோர் இணைப்பின் கையில் இருக்கக்கூடும். ஆகவே 1024க்கும் 32767க்கும் இடைப்பட்ட, பயன்பாட்டில் இல்லாத எண்ணே தக்கது.

எண் பதிவாகியுள்ள மூன்று இடங்கள்

முதலாவது, சிஸ்டம்டியின் சாக்கெட் அலகு. காக்பிட் எப்போதும் இயங்கிக்கொண்டிருப்பதில்லை. சிஸ்டம்டியே துறையில் செவிமடுத்து, இணைப்பு வரும்போது செயலியை எழுப்புகிறது. ஆகவே காக்பிட்டின் சொந்த அமைவடிவக் கோப்பில் துறை எண்ணைத் தேடுவது வீண். சாக்கெட் அலகின் மூலக் கோப்பை நேரடியாகத் திருத்துவதும் தவறு. அடுத்த மேம்படுத்தலில் அத்திருத்தம் அழிந்துவிடும். இடிசி அடைவில் அவ்வலகுக்கென ஒரு மேலமைவுக் கோப்பை உருவாக்கி, அதில் புதிய துறையைக் குறிப்பதே முறை.

இரண்டாவது, எஸ்இலினக்ஸ் கொள்கை. ஃபெடோரா, ரெட் ஹேட் வழியமைப்புகளில் ஒவ்வொரு சேவையும் எத்துறைகளைப் பயன்படுத்தலாம் என்பதற்கு இது வரம்பிடுகிறது. புதிய எண்ணைக் காக்பிட்டுக்கு உரிய துறை வகையில் சேர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, தீயரண். ஃபயர்வால்டியில் காக்பிட் என்னும் பெயரில் உள்ள சேவை வரையறை 9090ஐயே குறிக்கிறது. அச்சேவையை அனுமதித்திருப்பதால் மட்டும் புதிய எண் திறந்துவிடாது. அதனைத் தனியே சேர்க்க வேண்டும்.

பாதுகாப்பான வரிசைமுறை

காக்பிட்டின் உள்ளேயே இருக்கும் முனையத்திலிருந்து இம்மாற்றத்தைச் செய்வது, நுனிமரத்தில் இருந்துகொண்டு அடிமரத்தை வெட்டுவதை ஒக்கும். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தனி அமர்வு ஒன்றைத் திறந்து, பணி முடியும்வரை அதனை மூடாதிருத்தல் முதல் விதி.

அடுத்து, தீயரணிலும் எஸ்இலினக்சிலும் புதிய எண்ணை முன்னதாகவே சேர்க்க வேண்டும். பிறகே சாக்கெட் அலகைத் தொட வேண்டும். இங்கு சிஸ்டம்டியின் ஒரு பண்பு கைகொடுக்கிறது. செவிமடுக்கும் துறையைக் குறிக்கும் வரிகள் ஒன்றையொன்று நீக்குவதில்லை, பட்டியலாகச் சேர்கின்றன. மேலமைவில் புதிய எண்ணை மட்டும் எழுதினால் 9090, புதிய எண் ஆகிய இரண்டும் திறந்திருக்கும். பழையதை நீக்க, அதே வரியை மதிப்பின்றி வெறுமையாக முதலில் எழுதிப் பட்டியலைத் துடைக்க வேண்டும். இதை அறியாதோர், பழைய துறை மூடப்பட்டதாக எண்ணி ஏமாறுவர். அறிந்தோர்க்கு இதுவே பாதுகாப்பு வழியாகிறது. மோதல் இல்லாத வழங்கியில், முதற்கட்டத்தில் இரு துறைகளையும் திறந்துவைத்து, சிஸ்டம்டியை மறுவாசிப்புச் செய்து, சாக்கெட்டை மறுதொடக்கி, வேறொரு கணினியின் உலாவியிலிருந்து புதிய எண்ணைச் சோதிக்கலாம். அது இயங்குவது உறுதியான பின் வெறுமை வரியைச் சேர்த்து, தீயரணிலும் 9090ஐ மூடலாம். இடைநிலைப் பதிலி வழங்கி, கண்காணிப்புக் கருவி, சக பணியாளரின் கையேடு ஆகியவற்றிலும் எண்ணைத் திருத்திய பின்னரே பணி நிறைவுறும்.

பாதுகாப்புப் பயன்: ஒரு மதிப்பீடு

துறை மாற்றம் வழங்கியை மறைத்துவிடும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட சிமேப் கருவி, முழு ஐபிவி4 முகவரிப் பரப்பிலும் ஒரு துறையை 45 நிமிடங்களுக்குள் துழாவ இயலும் எனக் காட்டியது. அவ்வாறிருக்க, ஒரே வழங்கியின் 65535 துறைகளையும் சோதிப்பது அரிதன்று. ஓர் அமைப்பின் காப்பு அதன் வடிவமைப்பை மறைப்பதில் அன்றித் திறவுகோலை மறைப்பதில் தங்க வேண்டும் என்று 1883இலேயே கெர்க்காஃப்ஸ் மறைக்குறியீட்டியலுக்கு வகுத்த கோட்பாடு இங்கும் பொருந்தும்.

2019இல் வெப்மின் செயலியின் சில பதிப்புகளில், கடவுச்சொல் இன்றியே கட்டளைகளை இயக்க இடந்தரும் பின்வாசல் ஒன்று இருந்தமை வெளிப்பட்டது. அதனை அடைத்தது 1.930 பதிப்புக்கு மேம்படுத்தியதே. 10000ஐ வேறெண்ணாக மாற்றியிருந்தாலும் அப்பின்வாசல் அப்படியே இருந்திருக்கும். மேலாண்மைத் துறையை 127.0.0.1 என்னும் அகமுகவரியோடு மட்டும் பிணைத்து எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியே அணுகுதல், தீயரணில் நம்பகமான முகவரிகளை மட்டும் அனுமதித்தல், உடனுக்குடன் மேம்படுத்துதல் ஆகியவையே உண்மையான காப்புகள்.

முடிவுரை

துறை எண்ணை மாற்றுதல் மோதலைத் தீர்க்கும். பதிவேட்டின் இரைச்சலைக் குறைக்கும். பூட்டின் வலிமையைக் கூட்டாது. கதவை இடம்மாற்றுவோர் புதிய கதவு திறக்கிறதா என்று பார்த்த பின்பே பழையதை அடைக்க வேண்டும் என்பதும், இடம்மாறிய கதவுக்கும் பூட்டு தேவை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.