வசைமொழியும் மொழிபெயர்ப்பும்

அகராதி கைவிடும் இடத்திலேதான் மொழிபெயர்ப்பாளரின் சோதனை தொடங்குகிறது என்பேன்.

அமெரிக்க எழுத்தாளர் சாலிஞ்சர் 1951-இல் வெளியிட்ட 'தி கேட்ச்சர் இன் த ரை' நாவலில், ஹோல்டன் என்னும் இளைஞன் கொச்சையும் வசையும் கலந்தே தன் கதையைச் சொல்கிறான். தம்பியை இழந்த துயரம் அப்பேச்சினுள் மறைந்திருக்கிறது. அதைத் தூய நடையாக்கினால் அவனே மறைந்துவிடுவான்.

1961-இல் அதனைப் பின்னிஷ் மொழியில் பெயர்த்த கவிஞர் பென்ட்டி சாரிகோஸ்கி, ஹெல்சிங்கி நகரத் தெருப்பேச்சைக் கையாண்டார். சுவீடிஷ் சொற்கள் மிகுதியாகக் கலந்த பேச்சு அது.

ஹோல்டன் அடிக்கடி கடவுளின் பெயரால் சபிக்கிறான். பின்னிஷ் வசையிலோ சைத்தானும் நரகமும் முன்நிற்கும்; 'பெர்க்கெலே' என்றால் பிசாசு. ஆகவே சொல்லுக்குச் சொல் தேடுதல் வீண். சினத்திற்குச் சினமும், துயருக்குத் துயரும் தேடுவதே நேர்மை என நான் கருதுகிறேன்.