யாரைக் கொடுப்பது, யாரைக் காப்பது? ஹாக்கி ஏலமும் தங்கவயலின் கேள்வியும்

புது தில்லி: ஹாக்கி இந்தியா லீகில் ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்கும் வரையிலான மாதங்கள் அணி உரிமையாளர்களுக்குக் கணக்குப் பார்க்கும் காலம். யாரைத் தக்கவைப்பது, யாரை விடுவிப்பது, யாரைக் கொடுத்து யாரைப் பெறுவது என்ற முடிவுகள் அப்போதுதான் எடுக்கப்படுகின்றன. அவற்றின் பலனைத் தில்லியில் நடைபெறும் ஏலத்தில் நாடு காண்கிறது.

இந்தக் கணக்கில் திறமைக்கு விலை உண்டு. ஆனால், ஓர் அணி எந்த மண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த மண்ணின் இளைஞனுக்கு அதில் தனி இடம் ஏதும் இல்லை. தமிழ்நாடு டிராகன்ஸ் அணியை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்த்தால் இது விளங்கும். தமிழர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்தும் தமிழகத்துக்கு வெளியே உள்ள கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் போன்ற ஊர்களிலிருந்து பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும்.

மூவருக்கு மூன்றில் ஒரு பங்கு

ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பின் லீக் மீண்டும் உயிர்பெற்றபோது, 2024 அக்டோபரில் தில்லியில் நடைபெற்ற ஏலத்தில் ஆடவர் அணி ஒவ்வொன்றும் செலவிடக்கூடிய உச்சவரம்பு ரூ. 4 கோடி. அத்தொகைக்குள் 24 வீரர்களைச் சேர்க்க வேண்டும். அவர்களில் குறைந்தது 16 பேர் இந்தியர்கள். அந்தப் பதினாறில் நால்வர் இளையோர். வெளிநாட்டவர் 8 பேர். அடிப்படை விலை ரூ. 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என மூன்று நிலைகள்.

தமிழ்நாடு டிராகன்ஸ் அணி நெதர்லாந்தின் ஜிப் ஜான்சனை ரூ. 54 லட்சத்துக்கும், அமித் ரோஹிதாசை ரூ. 48 லட்சத்துக்கும், அயர்லாந்து கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டை ரூ. 32 லட்சத்துக்கும் வாங்கியது. இம்மூவருக்கு மட்டும் ரூ. 1.34 கோடி, அதாவது மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய 21 பேருக்கு உச்சவரம்பின்படி மீதமிருந்தது ரூ. 2.66 கோடி, சராசரியாக ஆளுக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குச் சற்று அதிகம். எனவே, கைமாற்றம் என்ற பேச்சு எழுந்தாலே முதலில் எண்ணப்படுபவை இம்மூன்று பெயர்களாகத்தான் இருக்கும். ஒருவரை விடுவித்தால் இருவர் அல்லது மூவரைச் சேர்க்கலாம் என்பது எளிய கணக்கு. ஆனால், அந்தக் கணக்கு முழுமையானதன்று.

விலையைத் தீர்மானிப்பது எது?

பெனால்டி கார்னரில் நேரடியாக அடிக்கப்படும் முதல் பந்து கோல் பலகையின் உயரமான 46 செ.மீ.க்கு மேல் எழக்கூடாது. இழுத்து எறியும் 'டிராக் ஃபிளிக்' முறைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே, அக்கலையில் தேர்ந்தவர் ஒவ்வோர் அணிக்கும் தங்கச் சுரங்கம். 2025 பிப்ரவரி 1-ம் தேதி ரூர்கேலாவில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் ஹைதராபாத் தூஃபான்ஸ் அணியை 4-3 என்று ராட் பெங்கால் டைகர்ஸ் வென்றபோது, நான்கில் மூன்று கோல்கள் ஜுக்ராஜ் சிங்குடையவை. அவருக்கு அளிக்கப்பட்ட விலை ரூ. 48 லட்சம்.

விதி மாறினால் விலையும் மாறும். 2016, 2017-ம் ஆண்டுப் போட்டிகளில் களத்தில் ஆடி அடிக்கப்பட்ட கோல் ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கிடப்பட்டது. அப்போது முன்கள வீரரின் மதிப்பு உயர்ந்திருந்தது. அந்த விதி கைவிடப்பட்ட பிறகு, பெனால்டி கார்னர் வல்லுநரே மீண்டும் முதலிடத்துக்கு வந்தார்.

இந்த அளவுகோலால் பார்த்தால், ஜான்சன், ரோஹிதாஸ் இருவரும் பெனால்டி கார்னர் அடிப்பவர்கள். ஒரே வேலைக்கு இருவர் இருக்கும் இடத்தில்தான் பரிமாற்றத்துக்கு வாய்ப்பு உண்டு. ஆயினும் ரோஹிதாஸ் அடிப்பவர் மட்டுமல்லர். எதிரணியின் பெனால்டி கார்னரின்போது முதலில் பாய்ந்து சென்று மறிப்பவரும் அவரே. அவரைக் கொடுத்தால் போவது ஒரு பெயர். காலியாவது இரண்டு பணிகள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சிவப்பு அட்டையால் அவர் அரையிறுதியில் ஆட முடியாமல் போனதும், ஜெர்மனியிடம் இந்தியா தோற்றதும் நினைவிருக்கலாம். ஆகவே, இருவரில் ஒருவரை விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் விலை மிகுந்தவரை விடுவதே நியாயம்.

கோல்கீப்பரின் கணக்கு வேறு. ஹார்ட் 1988-ல் பிறந்தவர். 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்வு பெற்றவர். அவருடைய அனுபவத்துக்கு விலை உண்டு. ஆனால், அவர் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஓர் இந்திய இளைஞர் வெளியே அமர்ந்திருக்கும் நிமிடமே. 2025 செப்டம்பர் 24-ம் தேதி நடைபெற்ற சிறு ஏலத்தில் இளம் கோல்கீப்பர் விவேக் லக்ராவுக்கு ரூ. 23 லட்சம் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை, மதுரை நகரங்களில் நடைபெற்ற இளையோர் உலகக் கோப்பையின் காலிறுதியில் பெல்ஜியத்தை ஷூட் அவுட்டில் இந்தியா வென்றதற்கு முதற்காரணம் கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங். கோல்கீப்பர் விஷயத்தில் வெளிநாட்டுப் பெயருக்குப் பணம் இறைக்கும் காலம் மெல்ல முடிந்து வருகிறது என்பதையே இவை காட்டுகின்றன.

பேசப்படாத பெயர்கள்

இவ்வளவும் அரங்கில் பேசப்படும் விஷயம். பேசப்படாதது, பட்டியலின் அடியில் இருப்போரின் நிலை. அரியலூரின் கார்த்தி செல்வமும் தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022-ல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் இந்திய அணியில் அறிமுகமாயினர். முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தார் கார்த்தி. தமிழ்நாடு டிராகன்ஸ் அணியில் அவருக்கு இடமும் கிடைத்தது. தேசிய அணிவரை சென்றதால் அவர் பெயர் ஏலத்தில் ஒலித்தது. அவருக்குப் பின்னால் கோவில்பட்டி, திருச்சி மைதானங்களில் நிற்பவர்களின் பெயர்கள் அடிப்படை விலையைத் தாண்டுவதில்லை. பல பெயர்கள் அழைக்கப்படுவதே இல்லை.

லீக் விதி வீரர்களை இந்தியர், வெளிநாட்டவர், இளையோர் என்றுதான் பிரிக்கிறது. மாநிலத்துக்கு அப்பிரிவினையில் இடமில்லை. விலை மிகுந்த ஒருவரைப் பெறத் தொகை குறையும்போது, சில்லறைபோல் முதலில் விடுவிக்கப்படக் கூடியவர்கள் இவர்களே. நட்சத்திர வீரர் கைமாறினால் செய்தி வருகிறது. இரண்டு லட்ச ரூபாய் வீரர் விடுவிக்கப்பட்டால் அவருடைய ஊருக்கு மட்டுமே தெரிகிறது.

தங்கவயலுக்கு எந்த அணி?

தமிழக இளைஞனின் நிலை இது என்றால், மைசூர் மைன்ஸ் இளைஞனின் நிலை என்ன? 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபோது வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களின் வழிவந்தவர்கள் அங்குள்ளோர். ஆங்கிலேயரும் ஆங்கிலோ இந்தியரும் கொண்டுவந்த ஆட்டங்கள் சுரங்க மைதானங்களில் வேரூன்றின. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய கென்னத் பவல் பிறந்தது தங்கவயலில்தான்.

கர்நாடக ஹாக்கிக்கும் பெருமைக்குக் குறைவில்லை. எம்.பி. கணேஷ், எம்.எம். சோமையா முதல் வி.ஆர். ரகுநாத், எஸ்.வி. சுனில் வரை தேசிய அணிக்கு அம்மாநிலம் அளித்தோர் பலர். ஆயினும், 2013 முதல் 2017 வரை நடைபெற்ற ஐந்து பருவங்களிலும் லீகில் தென்னகத்துக்கே அணி இல்லை. 2024-ல் தமிழ்நாட்டுக்கும் ஹைதராபாத்துக்கும் அணிகள் அமைந்தபோதும் கர்நாடகம் விடுபட்டது. ஆபரண் சுதேவ் போன்ற கர்நாடக வீரர் தமிழ்நாட்டுச் சட்டையில் ஆடினார். அப்பருவத்தில் தொடங்கிய மகளிர் லீகின் நான்கு அணிகளில் ஒன்றுகூட தென்னகத்தைச் சேர்ந்தது அன்று. அவற்றின் உச்சவரம்பும் ஆடவரில் பாதியான ரூ. 2 கோடியே.

கர்நாடகத்துக்கு அணி இருந்த காலமும் உண்டு. 2012-ல் நடைபெற்ற உலக ஹாக்கி சீரிஸில் கர்நாடக லயன்ஸ், சென்னை சீட்டாஸ் அணிகள் ஆடின. ஆனால், அதை நடத்திய இந்திய ஹாக்கிக் கூட்டமைப்புக்கும் சர்வதேச அங்கீகாரம் பெற்ற ஹாக்கி இந்தியாவுக்கும் இடையிலான அதிகாரப் போட்டியில் அது ஒரே பருவத்துடன் முடிந்தது. சங்கங்கள் மோதின; அணிகளை இழந்தவர்கள் வீரர்கள்.

உரிமையாளர் மாறும்போது

லீகில் வீரர் மட்டும் கைமாறுவதில்லை, அணியே கைமாறுகிறது. 2026 பருவத்துக்கு முன்னர் உ.பி. ருத்ராஸ் அணியின் உரிமையாளர்கள் நிதிநிலையைக் காரணம் காட்டி விலகினர். ரூ. 70 லட்சத்துக்கு வாங்கப்பட்ட ஹர்திக் சிங் உள்ளிட்ட வீரர்கள், லீகின் ஆட்சிக் குழுவே நடத்தும் அணிக்குச் சென்றனர். அவர்களை யாரும் விற்கவில்லை; ஆயினும் முதலாளி மாறிவிட்டார்.

இக்கதை தங்கவயலுக்குப் புதிதன்று. ஜான் டெய்லரிடமிருந்து 1956-ல் அரசுடைமை. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம். 2001 பிப்ரவரி 28-ல் மூடல். சுரங்கம் கைமாறிய ஒவ்வொரு முறையும் தொழிலாளியும் சேர்ந்தே கைமாறினார். முடிவெடுத்த மேசையில் அவருக்கு நாற்காலி இருந்ததில்லை. மூடிய பின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு செல்லும் ரயில்களே அவ்வூரின் பிழைப்பு என்றாகிவிட்டது.

ஹாக்கி வீரர்களுக்கு முன்பு இருந்த பாதுகாப்பு அரசுத் துறை வேலை. ரயில்வே, வங்கிகள், எண்ணெய் நிறுவனங்கள் ஆகியவை வேலை கொடுத்து வீரர்களை ஈர்த்தன. அதுவும் ஒருவகைக் கைமாற்றமே. ஆனால், ஆட்டம் முடிந்த பின்னும் சம்பளமும் ஓய்வூதியமும் இருந்தன. ஒரு பருவத்து ஏலத் தொகை அதற்கு ஈடாகாது.

என்ன செய்யலாம்?

ஏலத்தையே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. முன்பு கனவிலும் காணாத தொகை இன்று வீரர்களுக்குக் கிடைக்கிறது. எனினும் இரண்டு திருத்தங்களை ஹாக்கி இந்தியா பரிசீலிக்கலாம். முதலாவது, இளையோர் நால்வரில் இருவரேனும் அணியின் மாநிலத்தையோ, அணி இல்லாத அண்டை மாநிலத்தையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற விதி. இரண்டாவது, அவ்வாறு சேர்க்கப்பட்டவரை இரண்டு பருவங்களுக்கு விடுவிக்கக் கூடாது என்ற விதி. ரூ. 4 கோடியில் இதற்கு ஆகும் செலவு அடிப்படை விலையில் ரூ. 4 லட்சம், அதாவது நூற்றில் ஒரு பங்கு மட்டுமே.

தமிழ்நாடு டிராகன்ஸ் அணி அந்த விதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜான்சனா, ரோஹிதாசா என்ற கேள்விக்குப் பயிற்சியாளர் விடை காணட்டும். அரியலூரிலும் கோவில்பட்டியிலும் தங்கவயலிலும் மட்டை பிடிக்கும் இளைஞர்களுக்கு இரண்டு இடங்களை ஒதுக்கி வைப்பதை உரிமையாளர்கள் தாங்களாகவே செய்யலாம். மாநிலத்தின் பெயரைச் சட்டையில் அணிந்து ஆடும் அணிக்கு அது கடமையும்கூட.