குடிவரவோர் குடிகளாவது எப்போது? – மலையகத் தமிழரின் பிரசாவுரிமைச் சட்டங்களும் சான்றின் சுமையும்

குடிவரவுக் கொள்கை பற்றிய விவாதம் எந்நாட்டில் எழுந்தாலும் அதனுள் இரண்டு வினாக்கள் அடங்கியிருக்கும். இனிமேல் நாட்டினுள் யார் வரலாம் என்பது ஒன்று. முன்னரே வந்து நிலைகொண்டோரையும் அவர்தம் மக்களையும் எவ்வாறு கொள்வது என்பது மற்றையது. முன்னையது எல்லையிலே தீர்க்கப்படவேண்டிய வினா. பின்னையது எல்லைக்குள்ளே வாழ்வோரின் உரிமை பற்றிய வினா. இவ்விரண்டையும் கலந்து நோக்கியதன் விளைவை அறிய விரும்புவோர்க்கு இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 1948 ஆம் ஆண்டு தொடக்கம் 2003 ஆம் ஆண்டு வரை இயற்றப்பட்ட சட்டங்கள் இம்மக்களிடம் எத்தகைய சான்றினைக் கேட்டன, அச்சான்று உண்மையில் யாரிடம் இருந்தது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்சிகளின் நிலைப்பாடுகளை விளக்கத்துக்கு இன்றியமையாத அளவிலேயே தொட்டுச் செல்வோம்.

வரவும் நிலைபேறும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டிற் பரவியபோது தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வருவிக்கப்பட்டனர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைவதும், பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்புவதும் அக்காலத்து வழக்கம். 1869 ஆம் ஆண்டிற் கோப்பிச் செடியை நோய் தாக்கத் தொடங்கியது. அதற்கு முன்னரே, 1867 இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பி அழிந்து தேயிலை தழைத்தபோது உழைப்பின் இயல்பும் மாறியது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படவேண்டியது. பெண்களின் உழைப்பை மிகுதியாக வேண்டுவது. ஆகவே பருவகாலத்துக்கு வந்துபோன ஆடவர் கூட்டம், லயன் அறைகளிற் குடும்பமாக வாழும் நிலையான சமூகமாயிற்று. இம்மாற்றத்தை விரும்பியதும் அதனால் ஆதாயம் பெற்றதும் தோட்டத்துறையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்மக்கள் பற்றிய ஆவணங்கள் எத்தகையன என்பதை இனி நோக்குவோம். கங்காணியின் கீழ் ஆள் திரட்டப்பட்ட முறையிலே, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளியின் கடனைக் குறிக்கும் ‘துண்டு’ முக்கிய ஆவணமாயிருந்தது. அது 1921 ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மண்டப முகாம் வழியாக வந்தோர்க்குச் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் தகரத்துண்டு வழங்கப்பட்டது. தோட்டத்திலே நாட்சம்பளக் கணக்குக்குரிய செக்றோலில் அவர் பெயர் பதியப்பட்டது. இவை யாவும் உழைப்பையும் கடனையும் கணக்கிடும் பொருட்டு எழுந்தவை; வசிப்பையும் வமிசத்தையும் நிறுவும் பொருட்டு எழுந்தவையல்ல. மேலும், இவற்றுட் செக்றோல் போன்றவை தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. தொழிலாளியின் வாழ்வுக்கான சான்று தொழிலாளியிடம் இருக்கவில்லை என்பதே இதன் பொருள்.

விவாதத்தின் தோற்றம்

டொனமூர் ஆணைக்குழு 1928 ஆம் ஆண்டிற் சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்ததும் இந்திய வம்சாவளியினர் பற்றிய விவாதம் வலுப்பெற்றது. கண்டிப் பகுதித் தலைவர்கள் எழுப்பிய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதெனத் தள்ளிவிடத்தக்கதன்று. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தோட்ட விரிவும் கண்டிய விவசாயியின் சேனை நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் சுருக்கின. சூழ்ந்திருந்த தோட்டங்களின் வாக்காளர் தம் தொகுதிகளின் முடிவைத் தீர்மானிப்பர் என அக்கிராமத்தவர் அஞ்சியதில் வியப்பில்லை. 1946 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 780,000 பேர். நாட்டின் மொத்தக் குடித்தொகையில் நூற்றுக்குப் பன்னிருவர் அளவினர். ஆயினும் நிலத்தைப் பறித்தவர் அந்நிலத்திற் கூலிக்கு உழைத்தவர் அல்லர். குடியேற்ற ஆட்சிக்கு எதிராக எழுந்திருக்கவேண்டிய முறைப்பாடு அவ்வாட்சி கொணர்ந்த தொழிலாளியை நோக்கித் திரும்பியமையே இவ்விவாதத்தின் அடிப்படைக் கோணலாகும்.

இந்தியரின் வரவாற் சுதேசிகள் பொருளாதாரத் தீங்கு எய்தினரா என ஆராயச் சேர் எட்வேட் ஜக்சன் நியமிக்கப்பட்டார். 1938 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது அறிக்கை அத்தகைய தீங்கு நேர்ந்தமைக்குச் சான்றில்லை என முடிவு கூறிற்று. எனினும் மறு ஆண்டிலேயே இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியரை விலக்கத் தொடங்கியது. அதற்கு எதிர்வினையாக 1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியதும் அவ்வாண்டிலேயே ஆகும்.

இத்தடையின் முக்கியத்துவம் போதியளவு உணரப்படுவதில்லை. 1939 இன் பின்னர் புதிய தொழிலாளர் வரவு பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆகவே சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் 1948 இற் கூடியபோது, தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை ‘யார் வரலாம்’ என்ற முதலாம் வினா உயிரற்றதாயிருந்தது. எஞ்சி நின்றது இரண்டாம் வினா மட்டுமே. ஆனால் அதற்கு விடையளித்த சட்டங்கள் முதலாம் வினாவின் மொழியிலேயே எழுதப்பட்டன.

1948, 1949: வமிசமும் வசிப்பும்

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் பிறந்த இடத்தை மட்டும் அடிப்படையாகக் கொள்ளவில்லை. இலங்கையிற் பிறந்த ஒருவர் வமிசவழிப் பிரசையாவதற்கு அவர் தந்தையும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். தாயின் பிறப்பு இதிற் கணக்கிடப்படவில்லை. ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். 1915 இல் அற்றன் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்த ஒருவரைக் கற்பனை செய்வோம். தாய் இங்கே பிறந்தவள். தந்தை இளவயதிற் சேலத்திலிருந்து வந்தவர். அம்மனிதர் தம் வாழ்நாளில் வேறெந்த நாட்டையும் கண்டிராதபோதும் சட்டத்தின் கண்ணில் அவர் பிரசையல்லர். தந்தை இங்கேயே பிறந்தவராயினும், அதனைக் காட்டப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிறந்தோர்க்கு அத்தகைய பத்திரம் நாட்டின் ஏனைய சமூகத்தவரிடையேயும் அரிதே. ஆனால் ஏனையோரை எவரும் கேட்கவில்லை. சட்டத்தின் சொற்கள் யாவர்க்கும் பொதுவாயினும் சான்றின் சுமை ஒரு சமூகத்தின் தோளிலேயே இறங்கியது.

அடுத்த ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் தொடர்ந்து இலங்கையில் வசித்திருப்பின் பதிவு பெறலாம். ஒரே தடவையிற் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே தங்கியிருப்பின் தொடர்ச்சி அறுபடும். மனைவியும் வயது குறைந்த பிள்ளைகளும் இங்கேயே வசித்தமையும், போதிய வருமானம் உண்டென்பதும் காட்டப்படல் வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு காலமே வழங்கப்பட்டது.

தூர நின்று நோக்குவோர்க்கு இந்நிபந்தனைகள் கடுமையற்றனவாகத் தோன்றலாம். தோட்ட வாழ்வை அறிந்தோர்க்கு அவ்வாறு தோன்றா. கலியாணத்துக்கும் கருமாதிக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் ஊர் சென்று வருவது அம்மக்களின் வழக்கம். பிள்ளைப்பேற்றுக்காக மனைவி தாய்வீட்டிற் சிலகாலம் தங்குவதும் உண்டு. இவற்றுள் எது எத்தனை மாதம் நீடித்தது என்பதை எழுத்திற் காட்ட வேண்டியவர், எழுத வாய்ப்பே பெறாத தொழிலாளி. காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்தமையால் விண்ணப்பங்களிற் பெரும்பகுதி இறுதிக் காலத்திலேயே சென்று குவிந்தன. ஏறத்தாழ 825,000 பேரை உள்ளடக்கிய ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்களுள் முடிவிற் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே.

1949 இன் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையைப் பிரசாவுரிமையோடு பிணைத்தது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1952 இல் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. இவ்விடயத்தில் எழுந்த பிளவே தமிழ்க் காங்கிரசிலிருந்து சா. ஜே. வே. செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949 இறுதியிற் தமிழரசுக் கட்சியை நிறுவ ஏதுவாயிற்று. சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவுக்கு இச்சட்டங்கள் முரணானவை எனக் கொடக்கன் பிள்ளை வழக்கில் வாதிடப்பட்டது. தன் பிரசைகள் யாரென வரையறுப்பது ஒரு சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரமே எனக் கருதிய கோமறைக் கழகம் 1953 இல் அவ்வாதத்தை நிராகரித்தது. சட்டத்தின் சொல் ஆராயப்பட்டதேயன்றி, அச்சொல் கேட்ட சான்றினை யாராற் கொடுக்க முடியும் என்ற வினா ஆராயப்படவில்லை.

1964: மனிதர் எண்களான கதை

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பிரச்சினையை வேறொரு தளத்துக்குக் கொண்டு சென்றது. நாடற்றோர் 975,000 பேர் எனக் கொள்ளப்பட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என வகுக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. இங்கே தனிமனிதரின் பிறப்போ வசிப்போ விருப்போ அளவுகோலாகவில்லை, தொகையே அளவுகோலாயிற்று. இலங்கைப் பிரசாவுரிமையைக் கோரியோர் ஒதுக்கப்பட்ட 300,000 என்ற தொகையின் இருமடங்குக்கும் மேற்பட்டனர். இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட தொகைக்கோ போதிய விண்ணப்பங்கள் வரவில்லை. இம்மக்களின் மனம் எந்நாட்டை நாடியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1967 ஆம் ஆண்டு அமுலாக்கச் சட்டம் ஏழுபேர் இந்தியப் பிரசாவுரிமை பெற நால்வர் இலங்கைப் பிரசாவுரிமை பெறுவர் என்ற விகிதத்தைப் பின்பற்றியது. 1971 ஆம் ஆண்டுத் திருத்தம் எழுவர் உண்மையாகவே கப்பலேறிச் சென்ற பின்னரே நால்வர்க்கு உரிமை என அதனை மாற்றியது. ஒருவரின் உரிமை இன்னொருவரின் பயணத்திற் தங்கியிருந்த இவ்விசித்திர நிலை பல குடும்பங்களைப் பிரித்தது. சென்றோருட் சிலர் நீலகிரியின் அரச தேயிலைத் திட்டத்திற் தொழில் பெற்றனர். வேறு பலர் தமக்குப் பழக்கமற்ற தொழில்களில் அல்லற்பட்டனர். 1984 இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பற் சேவை நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் செல்லவியலாதோர் பல்லாயிரவர் இங்கேயே தங்கினர்.

1986 முதல் 2003 வரை: சுமை மாறிய வரலாறு

திருத்தம் படிப்படியாக வந்தது. ஒப்புக்கொண்ட 600,000 பேருள் 506,000 பேரே இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தமையால் எஞ்சிய 94,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்க 1986 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம் ஒரு சத்தியக் கடதாசியைச் சான்றாக ஏற்றது. நாற்பதாண்டு காலம் பிறர் வைத்திருந்த ஆவணங்களை நாடி அலைந்தவரின் சொந்த வாக்குமூலம் முதன்முறையாக மதிப்புப் பெற்றது.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி முதல் இலங்கையில் நிலையாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் சட்டத்தின் இயக்கத்தாலேயே பிரசைகளாயினர். முன்னர் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றிருந்தோரும் தம் விருப்பத்தை அறிவித்துப் பிரசாவுரிமை எய்தலாமென விதிக்கப்பட்டது. அதே ஆண்டிற் செய்யப்பட்ட வேறொரு திருத்தம் தாய்வழியாகவும் பிரசாவுரிமை செல்லலாம் என ஏற்றது. அவ்வாண்டு டிசம்பரில் நடைபெற்ற பதிவு இயக்கத்தில் பத்து நாட்களுள் ஏறத்தாழ 190,000 பேர் பயன்பெற்றனர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் இழுபட்ட வினா, கேட்கும் சான்றை மாற்றியதும் பத்தே நாட்களிற் பெருமளவு தீர்ந்தது. போர்க்காலத்தில் இந்தியாவிற்கு அகதிகளாகச் சென்றிருந்தமையால் வசிப்புத் தொடர்ச்சி அறுந்தோரை 2009 ஆம் ஆண்டுத் திருத்தம் கவனத்திற் கொண்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று உண்மைகளை நாம் பெறலாம். முதலாவது, புதியோரின் வரவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு; ஆனால் அவ்வதிகாரத்தைக் கொண்டு நெடுங்காலம் வாழ்ந்தோரின் நிலையைத் தீர்மானிக்க முற்படின் நீதி பிறழும். இரண்டாவது, சட்டம் வகுக்கும் தகுதியைக் காட்டிலும் அத்தகுதியை எவர், எதைக்கொண்டு நிறுவவேண்டும் என்ற விதியே பெரும்பாலும் மனிதரின் கதியை நிர்ணயிக்கின்றது. மூன்றாவது, ஆவணங்களை உருவாக்கியதும் காத்ததும் அரசும் முதலாளியுமாயின், அவை இல்லாமையின் தண்டனையைத் தொழிலாளி ஏற்பது முறையன்று.

1981 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில் இந்தியத் தமிழரின் விகிதம் 5.5 ஆகக் குறைந்திருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் விகிதம் பாதிக்கும் கீழாக வீழ்ந்தமைக்குத் தாயகம் திருப்பியனுப்பிய சட்டங்களே தலையாய காரணமாகும். பிரசாவுரிமை இன்று கிடைத்துள்ளது. ஆயினும் உரித்தான காணியும் தனக்கென ஒரு முகவரியும் இல்லாத லயன் அறைவாசிக்கு, தான் இந்நாட்டவன் என்பதை நாள்தோறும் நிறுவும் தொல்லை முற்றாக நீங்கவில்லை. அவற்றையும் வழங்கும்போதே 1948 இல் தொடங்கிய வினா உண்மையில் விடைபெறும்.