திரி ஏற்றும் நீர்

கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஏரிகளில் மழைநீரைத் தேக்கி வாழ்ந்த நிலம் இது. தங்கச் சுரங்கங்கள் செழித்திருந்த காலத்தில் தங்கவயலுக்குக் குடிநீர் தந்ததும் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியே. இன்றோ பல கிராமங்களில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் கடந்துவிட்டன. ஐதர் அலி பிறந்த ஊராகிய பூதிகோட்டையும் இந்த வறண்ட நிலப்பரப்பில்தான் அமைந்துள்ளது. இங்கே வாசலில் நான்கு தொட்டிகளில் துளசியும் புதினாவும் வளர்ப்பவருக்கு ஒவ்வொரு குடம் நீரும் கணக்குக்குரியது.

நீர் இருந்தாலும் ஊற்றுவதற்கு ஆள் வேண்டுமே! 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், இவ்வட்டாரத்தினர் ஆயிரக்கணக்கில் அன்றாடம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். விடியுமுன் புறப்பட்டு இரவில் திரும்புவோரின் தொட்டிச் செடிகள் கோடையில் வாடிவிடுகின்றன. இவ்விரு குறைகளுக்கும் எளிய தீர்வாக அமைவது திரிவழிப் பாசனம்.

செயல்படும் விதம்

அகல் விளக்கில் எண்ணெய் திரியின் வழியே மேலேறிச் சுடரை அடைகிறது. அதே நுண்புழை ஏற்றத்தால் கீழேயுள்ள நீரும் திரியில் ஏறி மண்ணைச் சேர்கிறது. மண் உலர உலர நீர் மேலேறும். மண் போதிய ஈரம் பெற்றதும் ஏற்றம் தளரும். மேலிருந்து ஊற்றும்போது வழிந்து வீணாகும் நீர் இதில் மிச்சமாகிறது.

அமைக்கும் முறை

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அளவில் வெட்டவும். மூடியில் துளையிட்டு, ஒரு சாண் நீளமுள்ள திரியை நுழைக்கவும். மேற்பகுதியைத் தலைகீழாகக் கீழ்ப்பகுதிக்குள் பொருத்தி, திரியின் ஒரு பாதி மண்ணுக்குள்ளும் மறுபாதி நீருக்குள்ளும் இருக்கச் செய்யவும். நீர்மட்டம் மூடியைத் தொடலாகாது. வேர்களுக்குக் காற்றும் தேவை. முதல் நாள் திரியை நனைத்து, மண்ணுக்கு மேலிருந்தும் நீர் ஊற்றவேண்டும். உலர்ந்த மண்ணில் திரி வேலை செய்யாது.

பருத்தித் திரி நன்கு உறிஞ்சும். ஆனால் சில மாதங்களில் மட்கிவிடும். பின்னப்பட்ட நைலான் அல்லது பாலியெஸ்டர் கயிறு நீடித்து உழைக்கும். கயிற்றின் ஒரு முனையை நீரில் நனைத்து, ஈரம் மேலேறுகிறதா என்று பார்த்து வாங்குவது நலம். வெறும் களிமண்ணைவிடத் தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்த மண்ணே ஏற்றது.

கவனிக்க வேண்டியவை

புதினா, கொத்தமல்லி, மணி பிளான்ட் முதலியவை இம்முறையில் செழிக்கும். கற்றாழை, கள்ளி வகைகளுக்கு இது ஆகாது. இடைவிடாத ஈரத்தில் அவற்றின் வேர் அழுகிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்பு மேல்மண்ணில் படியும். ஆகவே மாதம் ஒருமுறை மேலிருந்து நீரூற்றி, வழிந்துவரும் நீரைக் கொட்டிவிடவேண்டும். தேங்கிய நன்னீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும் என்பதால், வெட்டிய இடத்து இடைவெளியைத் துணியால் இறுகக் கட்டி, வாரம் ஒருமுறை பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுவது கட்டாயம்.

ஊருக்குப் புறப்படுமுன் ஒரு சிறு கணக்கும் தேவை. பாத்திரத்தில் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, இரண்டு நாள் கழித்து எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். 200 மி.லி. குறைந்திருந்தால் நாளொன்றுக்கு 100 மி.லி. செலவு, அரை லிட்டர் நீர் ஐந்து நாளுக்கு வரும். வெயிலுக்கென ஒரு நாளைக் கழித்து நான்கு நாளென்று கொள்வதே பாதுகாப்பு. கணக்கில் உள்ள இருப்பை அறிந்து காசோலை எழுதுவதுபோல, நீரின் இருப்பை அறிந்து வீட்டைப் பூட்டலாம்.