வெள்ளை மேஜையும் ஆடிக் காற்றும்

"வெள்ளை எதுக்குத்தா? ஒரு தூசு உக்காந்தாக்கூடக் காட்டிக் கொடுத்திருமே" என்று அத்தை அப்போதே சொன்னார். நான் கேட்டேனா?

எங்கள் ஊர் ராசிங்காபுரம், போடிநாயக்கனூர் பக்கம். நிமிர்ந்தால் ஏலக்காய் மலை தெரியும். சீட்டுப் பணத்தில், ஆறாவது படிக்கும் மகளுக்கென்று வெள்ளைச் சன்மைக்கா ஒட்டிய படிப்பு மேஜை ஒன்று செய்யச் சொன்னேன். பால் மாதிரி வந்து இறங்கியது.

நாலே மாதம். ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், மேஜை முழுக்க மயிரிழை போலக் கீறல்கள்! "காம்பஸை வெச்சுக் கீறினியாடி?" "இல்லம்மா." "பொய் வேறயா?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அன்றிலிருந்து அவள் தரையில் குப்புறப் படுத்தே எழுதினாள். மேஜை சும்மா நின்றது.

கதவு சரிசெய்ய வந்த ஆசாரி குனிந்து பார்த்தார். "கீறலெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு ஒண்ணுபோலப் போகுதே தாயி. இது பிள்ளை கீறினது இல்ல. துடைச்ச கை" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஆடிக் காற்று வீடெங்கும் மண்ணை வாரி இறைக்கையில், மூன்று வேளையும் காய்ந்த துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்தவள் நான்தானே!

காரணம் இதுதான். மைக்கா என்று பெயரே தவிர, அது பிசின் ஊட்டி அழுத்திய காகித அடுக்குகள். மின்சாதனங்களில் மைக்காவுக்குப் பதிலாக 1912-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது, பிறகுதான் மேஜைக்கு வந்தது. மேலே மெலமின் பிசின் பூச்சு. அது கெட்டிதான், ஆனால் மணல் அதைவிடக் கெட்டி. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் மணலிலுள்ள குவார்ட்ஸ் 7, கத்தி இரும்பே ஏறக்குறைய 5.5தான். மரமென்றால் இழைத்துவிடலாம், மைக்காவில் விழுந்த கீறலை இழைக்க முடியாது. அதில் அழுக்கு இறங்கினால் வெள்ளையில் கறுப்பாகத் தெரியும்.

ஆகவே, முதலில் மெல்லிய தூரிகையால் மண்ணைத் தட்டிவிடுங்கள். பிறகு நனைத்துப் பிழிந்த பழைய பருத்தித் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். துணியை அடிக்கடி அலசுங்கள். விளிம்பில் ஈரம் நிற்க விடாதீர்கள், உள்பலகை ஊதிவிடும். சாம்பல், கம்பி நார், பாத்திரப் பவுடர் கூடவே கூடாது. பிளாஸ்டிக் விரிப்புப் போட்டாலும் அடியில் மண் சேரும்; வாரம் ஒருமுறை எடுத்துத் துடையுங்கள். சூடான பாத்திரத்துக்குப் பிரிமனை வையுங்கள்.

கறுப்புக் கோடு கண்டதும் கீறல் என்று முடிவு கட்டாதீர்கள். நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் கீறல். தட்டாவிட்டால் எவர்சில்வர், அலுமினியம் உரசிய தடமாக இருக்கலாம். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, ஓரத்தில் சோதித்துவிட்டு, மெதுவாகத் தேயுங்கள். மஞ்சள் கறைக்கும் இதுவே. சோடா பட்டுச் சிவந்தால் பயப்படாதீர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமச் சிவப்பு வருவதில்லையா, அதுபோலத்தான். துடைத்த பின் மிஞ்சும் மஞ்சள் வெயில் பட வெளுக்கும். பேனா மைக்குப் பஞ்சில் துளி ஸ்பிரிட்; அடுப்பும் குழந்தையும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு, "அம்மாதான் கீறினேன், தப்பு என்மேலதான்" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

கீறல்கள் இன்னும் இருக்கின்றன. புதிதாக விழவில்லை.