8 லட்சம் பேரைக் கையெழுத்து போட வைத்த போட்டோ: மூளைக்காய்ச்சலில் மகளை இழந்த பெற்றோர் கேட்டது என்ன?

ஆஸ்பத்திரி கட்டிலில் 2 வயதுச் சிறுமி. உடம்பு முழுக்க கருஞ்சிவப்புத் திட்டுகள். 2016 பிப்ரவரியில் மகள் இறந்த கையோடு, அந்தப் படத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று பொதுவெளிக்குக் கொடுத்தார்கள், இங்கிலாந்தைச் சேர்ந்த அவளுடைய பெற்றோர்.

அவளைக் கொன்றது 'மெனிஞ்சோகாக்கஸ் பி' என்ற பாக்டீரியா. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள சவ்வைத் தாக்கும், ரத்தத்திலும் பரவும். புத்தகத் தமிழில் 'மூளையுறை அழற்சி'. நாம் பொதுவாக மூளைக்காய்ச்சல் என்கிறோம். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் அதே பெயர்தான் என்பதால் குழப்பம் வருவது சகஜம். இரண்டும் வேறு வேறு நோய்.

தடுப்பூசி இல்லையா? இருந்தது. அங்கேதான் சிக்கலே.

'பி' வகைக்கு எதிரான தடுப்பூசியை 2015 செப்டம்பரில் தேசியத் திட்டத்தில் சேர்த்த முதல் நாடு பிரிட்டன். ஆனால், 2015 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான் முழுமையாகக் கிடைத்தது. அந்தச் சிறுமி அதற்கு முன்பே பிறந்துவிட்டாள். காசு கொடுத்து தனியாரில் போடலாம், அவ்வளவுதான்.

எல்லாக் குழந்தைகளுக்கும் போடுங்கள் என்று நாடாளுமன்றத்துக்கான ஆன்லைன் மனு ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. போட்டோ வந்ததும் கையெழுத்து 8 லட்சத்தைத் தாண்டியது. அந்த வாரத்திலேயே முன்னாள் ரக்பி வீரர் மேட் டாசனும், வேறு வகை மெனிஞ்சோகாக்கஸ் தாக்கிப் பிழைத்த தன் மகனின் படங்களை வெளியிட்டார். ஏப்ரலில் எம்.பி.க்கள் விவாதித்தார்கள். அரசு மசியவில்லை. பெரிய குழந்தைகளுக்குப் போடுவது 'செலவுக்கேற்ற பலன் தராது' என்பதுதான் பதில். கணக்கு சரியாகவே இருக்கலாம். மகளைப் பறிகொடுத்தவர்களிடம் அதைச் சொல்ல முடியுமா?

தடுப்பூசி வேலை செய்ததா என்றால், செய்தது. முதல் 3 ஆண்டுகளில், தடுப்பூசிக்குத் தகுதியான வயதுக் குழந்தைகளிடம் 'பி' வகை பாதிப்பு 75% குறைந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

நம்ம ஊர்ல?

மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் 'ஹிப்' வகைக்கான பாதுகாப்பு, பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் அரசு அதை முதலில் தொடங்கியது. 6, 10, 14-வது வாரங்களில் போடுவார்கள். நிமோகாக்கல் ஊசி 6, 14-வது வாரம், பிறகு 9-வது மாதம். இரண்டுமே அரசு மையங்களில் இலவசம். மெனிஞ்சோகாக்கஸுக்கான ஊசி மட்டும் வழக்கமான அரசு அட்டவணையில் இல்லை. குழந்தைகள் நல மருத்துவரிடம் கேளுங்கள். ஹஜ் செல்பவர்களுக்கு அது கட்டாயம். பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறவர்கள் கிளம்பும் முன் 'ஏ.சி.டபிள்யூ.ஒய்' ஊசி பற்றி விசாரித்துக்கொள்வது நல்லது. ஹாஸ்டல் நெருக்கத்தில் இது எளிதாகப் பரவும்.

சாதாரண காய்ச்சல்னு விட்டுடலாமா?

முதல் சில மணி நேரம் அப்படித்தான் தெரியும். காய்ச்சல் அடிக்கும், ஆனால் கை கால் சில்லென்று இருக்கும். வாந்தி, கால் வலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வெளிச்சம் பட்டால் கூச்சம், கழுத்து விறைப்பு. கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி புடைக்கலாம், தூக்கினாலே அழும்.

தோலில் புள்ளிகள் தெரிந்தால் கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. நம் நிறத்தில் புள்ளிகள் சட்டெனத் தெரியாது; உள்ளங்கை, பாதம், கண் இமையின் உட்புறம், மேல் அண்ணம் பார்க்க வேண்டும். புள்ளி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிலருக்கு வரவே வராது. பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வந்தவர்களில் 6 பேரில் ஒருவர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 5-ல் ஒருவருக்குக் காது கேளாமை போன்ற கடுமையான பின்விளைவுகள்.

அந்த மனு கேட்டதோ குறைந்தது 11 வயது வரை எல்லோருக்கும் ஊசி. பிரிட்டனின் குழந்தைகள் அட்டவணையில் 'பி' வகை ஊசி இன்னும் கைக்குழந்தைகளுக்கு மட்டும்தான்.