பெருங்கப்பல் வராத கரையும் கண்ணாடி வளையங்களும்

கற்பிட்டிக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் மீன்பிடி வள்ளங்கள் தெரியும். கண்டம்விட்டுக் கண்டம் ஓடும் பெருங்கப்பல்களைக் காண்பது அரிது. காரணம், வடக்கே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டுகள். அங்கே கடல் பல இடங்களில் சில அடி ஆழம்தான். கொழும்பிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்படும் கப்பலும் புத்தளத்துப் பக்கம் திரும்பாமல், தெற்கே இறங்கித் தெவிநுவரை முனையைச் சுற்றித்தான் போகவேண்டும். புத்தளம் களப்பின் வாயைக் காக்க ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கற்பிட்டியில் கோட்டை கட்டினார்கள். ஆனால் பெருங்கப்பல்கள் போகும் வழி தெற்கே என்பதால், பிரித்தானியர் தங்கள் பெரிய வெளிச்சவீடுகளை அங்கேதான் கட்டினார்கள்.

அவற்றில் துணிச்சலானது கிரிந்தைக்கு எதிரே, கடல் நடுவிலுள்ள பெரிய பாசஸ் பாறையில் 1873இல் ஏற்றப்பட்ட விளக்கு. உள்ளூரார் அந்தப் பாறையை இராவணன் கோட்டை என்பார்கள். அதற்கான கருங்கல்லை ஸ்கொட்லாந்தில் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்தார்கள்.

ஆனால் கல்லைவிடக் கெட்டிக்காரப் பொருள் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் கண்ணாடிதான்.

எண்ணெய் விளக்கின் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். பெரும்பகுதி வானத்துக்கும் தரைக்கும் வீண். அதைத் திரட்டிக் கடலுக்கு அனுப்ப ஆளுயர வில்லை வேண்டும். அவ்வளவு பெரிய வில்லையைத் திண்ணமாக வார்த்தால் பாரம் தாங்காது. தடித்த கண்ணாடியே ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். பிரான்சில் வீதிகளும் பாலங்களும் கட்டும் பொறியியலாளராக இருந்த ஒகுஸ்தீன் ஃபிரெனெல் இதற்கு வழி கண்டார். ஒளி வளைவது வில்லையின் வளைந்த மேற்பரப்பில். உள்ளே நிறைந்த கண்ணாடி வெறும் சுமை. அதை நீக்கி, வளைவுகளை மட்டும் வளையல் அடுக்கியதுபோல் வளையம் வளையமாக அமைத்தார். வில்லைக்கு மேலும் கீழும் தப்பும் கதிர்களைப் பிற்காலத்து வில்லைகளில் பட்டகங்கள் பிடித்தன: உள்ளே நுழைந்த ஒளி முழுதாகத் தெறித்து, அடிவானத்தை நோக்கித் திரும்பும். ஃபிரெனெலின் முதல் பெருவில்லை 1823இல் பிரான்சின் கோர்துவான் வெளிச்சவீட்டில் ஏறியது. நான்கு ஆண்டுகளில், 39 வயதில், காசநோயால் அவர் இறந்தார்.

பகலில் இந்த வில்லைக்குத் திரை போடவேண்டும். இல்லாவிட்டால் வெயிலைக் குவித்து விளக்கையே எரித்துவிடும்! 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பல தொன் எடையுள்ள சுழலும் வில்லைகளைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். ஒரு விரலால் தள்ளினாலும் சுழன்றன.

எதிரே கட்டடம் எழும்பினால் எந்த வில்லையாலும் ஒன்றும் செய்யமுடியாது. கொழும்புக் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்தில் 1867இல் ஏற்றிய விளக்கைச் சுற்றிலும் எழுந்த கட்டடங்கள் மறைத்தன. 1952இல் அதை அணைத்துவிட்டு, கரையோரம் புதிய வெளிச்சவீட்டைக் கட்டினார்கள்.